செகண்டரி வெள்ளம்: உங்க வீட்டில் எப்படிச் சமாளிச்சீங்க?

பிளசன்டன் அம்மா

எங்க வீட்டுல மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிச்சது மூணு வருஷம் முன்னாடி மகள், இந்த வருஷம் மகன். ஆம்காஸ், அதாவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலதுக்கும் பொதுவான விண்ணப்பத்தை அனுப்பிட்டு, அதைச் சரிபார்க்கிற வெரிஃபிகேஷனுக்காகக் காத்திருக்கான். "இப்ப ஒண்ணும் வேலை இல்லம்மா, ஜூலையில பாத்துக்கலாம்"னு சொல்றான். இதே வார்த்தையை மகள் வாயிலயும் கேட்டிருக்கேன். அதான் வயித்துல புளியைக் கரைக்குது.

அவ கதையைச் சொல்றேன். ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை. ஜூலை நாலு விடுமுறையை ஒட்டி வர்ற வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவுக்குப் பெட்டி கட்டிட்டு இருந்தோம். அன்னிக்குத்தான் ஆம்காஸ் முதல் தொகுதி விண்ணப்பங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பிச்சது. சாயங்காலத்துக்குள்ள நாலு செகண்டரி மெயில், அதாவது ஒவ்வொரு கல்லூரியும் தனியாக் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதச் சொல்ற ரெண்டாவது விண்ணப்பம். ஏர்போர்ட்ல ரெண்டு. திங்கட்கிழமை காலையில எண்ணிப் பார்த்தா பதினொண்ணு. ஒண்ணுல மூணு கேள்வி, ஒண்ணுல நாலு, ஒரு கல்லூரி மட்டும் எட்டு. உள்ளே மண்டபத்துல பறை அதிருது, இவ வெளியே படிக்கட்டுல லேப்டாப்போட உட்கார்ந்து "நீங்கள் சந்தித்த சவால் ஒன்றை விவரிக்கவும்"னு ஒரு கேள்வியோட மல்லுக்கட்டிட்டு இருந்தா. என் கணவர் போய், "இந்த விழாவுக்கு வந்ததையே எழுதேன்"னார். முறைச்சா பாருங்க!

மொத்தம் 24 கல்லூரி. ஆம்காஸுக்கே 1,200 டாலருக்கு மேல ஆச்சு. செகண்டரிக்கு ஒவ்வொண்ணுக்கும் நூறு டாலர் பக்கம் தனி. பணத்தைக்கூட விடுங்க. அவ அப்ப ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல முழுநேர வேலை. ராத்திரி எட்டுக்கு மேல எழுத உட்கார்ந்து, ரெண்டு மணிக்குப் படுத்து, ஆகஸ்ட் நடுவுல காய்ச்சல் வந்து விழுந்தா. பதினேழுதான் அனுப்ப முடிஞ்சது. மீதி ஏழு அப்படியே நின்னு போச்சு.

இடம் கிடைச்சுது, குறை சொல்லலை. ஆனா அந்த ஏழு வாரத்தை இன்னொரு தடவை அப்படியே கடக்க எனக்குத் தெம்பு இல்லை. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?

இரவு ஷிப்ட்

அக்கா, நான் கூடுவாஞ்சேரியில ஒன்பதாவது வரைக்கும் படிச்சவன், இப்ப ஒஹாயோ கொலம்பஸ். போன வருஷம் விண்ணப்பிச்சேன். அவசர சிகிச்சைப் பிரிவுல மெடிக்கல் ஸ்கிரைப் வேலை, அதாவது டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது கூடவே நின்னு குறிப்பு தட்டச்சு பண்றவன். வாரம் மூணு ராத்திரி, சாயங்காலம் ஏழுல இருந்து காலை ஏழு வரைக்கும்.

முதல்ல நான் செஞ்ச முட்டாள்தனத்தைச் சொல்லிடறேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து, ஒரு காபியைக் குடிச்சிட்டு, தூங்காம எழுதினேன். ரெண்டு வாரத்துக்குள்ள திருப்பி அனுப்பலைன்னா கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அந்த அவசரத்துல ஒரு கல்லூரிக்கு எழுதின "ஏன் எங்கள் கல்லூரி" கட்டுரையில இன்னொரு கல்லூரிப் பேரு கடைசி வரியில அப்படியே உட்கார்ந்திருந்தது. அனுப்புற பட்டனைத் தட்டி, பணத்தைக் கட்டி, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, சும்மா படிச்சுப் பார்த்தப்பதான் கண்ணுல பட்டது. அந்தக் கல்லூரியில இருந்து நேர்காணல் வரலை. வேற காரணமாவும் இருக்கலாம். ஆனா நான் அதைத்தான் நம்பிட்டு இருக்கேன்.

அன்னிக்கு எழுதறதை நிறுத்தினேன். அதுவரைக்கும் வந்த செகண்டரி, இன்னும் வராததுக்கு அந்தக் கல்லூரிகள் முந்தின வருஷம் கேட்ட கேள்விகள், எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்தேன். 19 கல்லூரி, 71 கேள்வி. கத்தரிக்கோலால துண்டு துண்டா வெட்டித் தரையில போட்டேன். ஊர்ல பாட்டி முறத்துல அரிசி வேற, கல் வேற, குருணை வேறன்னு பிரிப்பாங்களே, அந்த மாதிரி. ஒரு மணி நேரத்துல ஏழு குவியல் ஆச்சு. ஏன் எங்கள் கல்லூரி. எங்கள் வகுப்புக்கு என்ன கொண்டுவருவாய். சவால். தோல்வி. கருத்து வேறுபாடு வந்தப்ப என்ன செஞ்சே. படிப்பு முடிஞ்சு சும்மா இருக்கிற வருஷத்துல என்ன செய்யறே. வேற ஏதாவது சொல்லணுமா. 71ல அறுபதுக்கு மேல இதுக்குள்ள அடங்கிடுச்சு. எந்தக் குவியல்லயும் சேராம தனியா நின்னது ஒன்பதோ பத்தோதான்.

அதுக்கப்புறம் கல்லூரி வாரியா எழுதறதை விட்டுட்டு, குவியல் வாரியா எழுதினேன். சவால் கட்டுரையை மட்டும் மூணு அளவுல வச்சிருந்தேன், சட்டை சைஸ் மாதிரி. ஒருத்தர் 250 சொல் கேப்பாங்க, இன்னொருத்தர் இடைவெளியையும் சேர்த்து 1,000 எழுத்துக்குள்ள கேப்பாங்க, வேறொருத்தர் ரெண்டு பக்கம் கொடுப்பாங்க. இதுல ஒண்ணு கத்துக்கிட்டேன்: பெருசா எழுதிட்டு வெட்டாதீங்க. எனக்கு 600 சொல்லை 150 ஆக்க ஒரு முழு நாள் போச்சு. ஒவ்வொரு வரியும் நம்ம பிள்ளை மாதிரி தெரியும், எதை வெட்டறது? 250ல ஆரம்பிச்சா கூட்டறதும் சுலபம், குறைக்கிறதும் சுலபம்.

"ஏன் எங்கள் கல்லூரி"க்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. முதல் கட்டுரைக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு, அதுல நாலு மணி நேரம் அவங்க இணையதளத்துலயே சுத்தினேன். அப்புறம் மூணு விஷயம் மட்டும் தேட ஆரம்பிச்சேன். வார்டுக்கு எப்ப அனுப்புறாங்க, ஒன்றரை வருஷத்துலயா ரெண்டு வருஷத்துலயா? மாணவர்கள் நடத்துற இலவச கிளினிக் இருக்கா, எந்தப் பேட்டையில? நான் செஞ்ச வேலையோட ஒட்டுற மாதிரி அங்க ஏதாவது இருக்கா? மூணாவது கேள்விக்கு இல்லைன்னு பதில் வந்தா அந்தக் கல்லூரியைப் பட்டியலோட கடைசிக்குத் தள்ளிட்டேன். எட்டாவது கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆச்சு.

ஷிப்ட் முடிஞ்ச காலையில எழுதறதில்லைன்னு சத்தியம் பண்ணிக்கிட்டேன். அந்த நேரத்துல பணம் கட்டறது, எழுத்து எண்ணறது, கல்லூரிப் பேரைத் தேடிப் பார்க்கிறது மட்டும்தான்.

பணத்தைப் பத்தி ஒண்ணு. எங்க வீட்டுல அம்மா ஒருத்தர் சம்பளம்தான். ஆம்காஸை நடத்துற ஏஏஎம்சியோட கட்டண உதவித் திட்டம் எனக்குக் கிடைச்சது. 20 கல்லூரி வரைக்கும் ஆம்காஸ் கட்டணம் கிடையாது, நிறையக் கல்லூரி செகண்டரி கட்டணத்தையும் விட்டுடுவாங்க. ஆனா அதை முதல்லயே வாங்கிடணும். கட்டின பிறகு கேட்டா கட்டினது கட்டினதுதான், திரும்ப வராது.

டெக்சாஸ் மாமா

எங்க ஊர்க் கதை வேற. டெக்சாஸ் பொதுக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், டிஎம்டிஎஸ்ஏஎஸ். எத்தனை கல்லூரி போட்டாலும் ஒரே கட்டணம். மே மாசத்துலயே திறந்துடும், செகண்டரியும் பல கல்லூரியில அதை ஒட்டியே எழுதலாம், மெயில் வருமான்னு காத்திருக்க வேண்டாம். இடத்துல நூத்துக்குத் தொண்ணூறு உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு. என் மருமகன் மே, ஜூன்ல டெக்சாஸ் வேலையை முடிச்சிட்டு ஜூலையில ஆம்காஸுக்கு வந்தான். பாதிக் கட்டுரை கையில இருந்துச்சு. டெக்சாஸ் பிள்ளைங்க இந்த வரிசையைத் தலைகீழாப் பண்ணாதீங்க.

விசா வரிசை

நான் சொல்லப் போறது எழுதுற நேரத்தைப் பத்தி இல்லை, எழுதவே கூடாத இடத்துல எழுதி வீணாக்கின நேரத்தைப் பத்தி.

ஆறு வயசுல ஹெச்-4ல, அதாவது வேலை விசாவுல வந்த அப்பாவோட பிள்ளைங்கிற விசாவுல, வந்தேன். அப்பாவோட கிரீன் கார்டு வரிசைத் தேதி 2014, இன்னும் வரலை. 21 முடிஞ்சதும் நான் அந்த வரிசையில இருந்து விழுந்து எஃப்-1 மாணவி ஆயிட்டேன். இங்கேயே பள்ளிக்கூடம், இங்கேயே கல்லூரி, ஆனா விண்ணப்பத்துல வெளிநாட்டு மாணவி.

16 கல்லூரிக்குப் போட்டேன். ஜூலை முதல் வாரமே செகண்டரி வந்து குவிஞ்சது, ரொம்ப சந்தோஷம். அஞ்சு கல்லூரிக்கு எழுதி, பணமும் கட்டின பிறகு அவங்க இணையப் பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல படிச்சேன்: குடிமக்களும் கிரீன் கார்டு வச்சிருக்கிறவங்களும் மட்டும். நிறையக் கல்லூரியில செகண்டரி மெயில் தானா எல்லாருக்கும் போகுது, நம்ம விசாவைப் பார்த்து யாரும் அனுப்பறதில்லை. மூணு வாரம் மண்ணாப் போச்சு. இன்னொரு கல்லூரி, எடுத்துக்குவோம், ஆனா நாலு வருஷக் கட்டணத்தையும் முன்கூட்டியே தனிக் கணக்குல போடணும்னு சொன்னாங்க. அப்பா அதைப் படிச்சிட்டு ஒண்ணுமே பேசாம எழுந்து மொட்டை வெயில்ல புல்வெட்டப் போயிட்டார்.

ஹெச்-4, எஃப்-1 பிள்ளைங்க எம்எஸ்ஏஆர்ல, அதாவது ஏஏஎம்சியோட கல்லூரித் தகவல் தளத்துல ஒரு தடவை, கல்லூரியோட சொந்தப் பக்கத்துல ஒரு தடவை பாருங்க. சந்தேகம்னா சேர்க்கை அலுவலகத்துக்கு மே மாசமே மெயில் போடுங்க. எனக்குப் பதில் ரெண்டே நாள்ல வந்தது. ஜூலையில கேட்டப்ப.

சவால் கட்டுரைக்கு அந்த வரிசைத் தேதியைத்தான் எழுதினேன். வேற எதையும் யோசிக்கவே வேண்டி இருக்கலை. 40 நிமிஷத்துல முடிஞ்சது.

ஸ்கார்பரோ பெட்டை

நான் கனடாவில இருந்து எழுதுறன். எங்கட ஒன்டாரியோவில மருத்துவக் கல்லூரியளுக்கு ஓம்சாஸ் எண்டு ஒரு பொது விண்ணப்பம் இருக்கு. அதுக்கு ஒக்டோபர் துவக்கத்தில ஒரே ஒரு முடிவுத் திகதி. முந்தி அனுப்பினா முந்திப் பாக்கிறது எண்டெல்லாம் இல்லை. அதால நான் அமெரிக்காவுக்கும் போட்டனான், ஆனா மனசு முழுக்க "ஒக்டோபர் தானே" எண்டு இருந்திட்டுது. ஜூலையில வந்த செகண்டரியை ஓகஸ்ட் கடைசியிலதான் திறந்து பாத்தன். அங்க நேர்காணல் இடங்களை வரிசையா நிரப்பிக்கொண்டு போறாங்கள் எண்டு பிறகுதான் விளங்கினது.

அதுக்குள்ள கோயில் கொடியேறிட்டுது. கொடியேறினா எங்கட வீட்டில ஒரு வேலையும் நடக்காது. அம்மா சொன்னவ, தேர் முடியட்டும் பிள்ளை, பிறகு எழுதலாம் எண்டு. தேரும் முடிஞ்சுது, செப்டெம்பரும் வந்திட்டுது. கனடாவில இடம் கிடைச்சுது, அதால இப்ப சிரிச்சுக்கொண்டு சொல்லுறன்.

எடிசன் அப்பா

ஒரு குற்ற ஒப்புதல். மகன் கட்டுரையை நான்தான் திருத்தினேன். திருத்தினேன்னா, அவன் தூங்கின பிறகு விடிகாலை மூணு மணி வரைக்கும் உட்கார்ந்து, சிவப்புக் கோடா இழுத்து, கடைசியில அவன் எழுதினது ரெண்டு வரிதான் மிச்சம். காலையில படிச்சிட்டு, "அப்பா, இது நீங்க வேலை மாறும்போது எழுதின கவர் லெட்டர் மாதிரி இருக்கு"ன்னான். எனக்குக் கோபம். மூணு நாள் பேச்சு இல்லை. அந்த மூணு நாளும் செகண்டரியும் நகரலை.

நாலாம் நாள் என் மனைவி பஞ்சாயத்து பண்ணி எனக்குக் கணக்குப்பிள்ளை உத்தியோகம் கொடுத்தா. எந்தக் கல்லூரி, எப்ப வந்தது, எத்தனை கேள்வி, கடைசித் தேதி இருக்கா, பணம் கட்டியாச்சா, காஸ்பர்ங்கிற ஆன்லைன் சூழ்நிலைத் தேர்வு கேக்கறாங்களா, எந்தப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் இன்னும் போய்ச் சேரலை. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி போர்ட்டல், தனி பாஸ்வேர்டு, இதுக்கே வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகுது. ஒரு பேராசிரியர் கடிதம் போகவே இல்லைன்னு கண்டுபிடிச்சதும் நான்தான். அதுல கொஞ்சம் மானம் திரும்பிச்சு. கட்டுரை பக்கமே போகலை.

மூன்றாம் வருஷம்

நான் இப்ப மூணாம் வருஷ மருத்துவ மாணவி. எங்க கல்லூரியில மாணவர்களும் சேர்க்கைக் குழுவுல விண்ணப்பம் வாசிப்போம். எல்லாத்தையும் சொல்ல முடியாது, சொல்லக்கூடியதைச் சொல்றேன்.

அந்த ரெண்டு வாரக் கணக்கு எங்க கல்லூரியில எழுதின சட்டம் கிடையாது. சில கல்லூரி மெயில்லயே தேதி கொடுப்பாங்க, அதை மீறாதீங்க. மத்தபடி பத்தாம் நாள் வந்ததுக்கும் இருபதாம் நாள் வந்ததுக்கும் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. செப்டம்பர் கடைசியில வந்தா வித்தியாசம் உண்டு, ஏன்னா அதுக்குள்ள நேர்காணல் நாட்கள் நிரம்பிட்டு வரும். அக்டோபர் நடுவுல இருந்து ஆம்காஸ் கல்லூரிகள் இடம் கொடுக்க ஆரம்பிச்சுடலாம். ஸ்கார்பரோ தங்கச்சி சொன்னது அதான்.

எனக்கு எரிச்சல் வர்றது தாமதத்தால இல்லை. 2023 ஜூன்ல, சேர்க்கையில இனத்தை ஒரு காரணமாப் பார்க்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பல கல்லூரிகள் பன்முகத்தன்மைக் கேள்வியை மாத்தி எழுதினாங்க. ஆனா பிள்ளைங்க பழைய கட்டுரையை அப்படியே ஒட்டி அனுப்பறாங்க. நாங்க "உன் அனுபவம் உன்னை எப்படி மாத்திச்சு"ன்னு கேட்டா, "நான் தென்னிந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவள்"னு பதில் வருது. அப்புறம் அந்த அரங்கேற்றம்! பரதநாட்டியம் கற்றுத் தந்த ஒழுக்கம் பத்தி ஒரே சீசன்ல எத்தனை படிச்சேன்னு எண்ணலை. நானும் அதையேதான் எழுதினேன், அதனால திட்ட உரிமை இல்லை. ஒரு பொண்ணு மட்டும் அரங்கேற்றத்துல அடவு மறந்து, மிருதங்கக்காரர் கண்ணால ஜாடை காட்டிக் காப்பாத்தினதை எழுதியிருந்தா. 200 சொல் இருக்கும். அவ பேரு மறந்துடுச்சு, அந்த மிருதங்கக்காரர் இன்னும் ஞாபகத்துல இருக்கார்.

"விரும்பினால் எழுதவும்"னு போட்டிருக்கிறதைப் பத்தி நிறையப் பேர் கேப்பாங்க. சொல்ல ஒண்ணும் இல்லைன்னா காலியா விடுங்க. அதை நிரப்பறதுக்காகவே ஒரு ராத்திரி கண் முழிச்சது வாசிக்கும்போது நல்லாவே தெரியும்.

பிளசன்டன் அம்மா

எல்லாத்தையும் ராத்திரி மகனுக்குப் படிச்சுக் காட்டினேன். எடிசன் அப்பா கதையை அவங்க அப்பா காதுல விழற மாதிரி ரெண்டு தடவை. கல்லூரிப் பட்டியலை 26ல இருந்து 18க்கு அவனே குறைச்சுட்டான். பேரவைக்கு இந்த வருஷம் நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்.

இரவு ஷிப்ட் தம்பி, உங்க கத்தரிக்கோல் யோசனை அவனுக்குப் பிடிச்சுப் போச்சு. போன வருஷக் கேள்விகளை எல்லாம் திரட்டி ஒரே ஃபைலாப் போட்டு பிரிண்ட் கொடுத்தான். மூணாவது பக்கத்துலயே மை தீர்ந்துடுச்சு. காஸ்ட்கோ திறக்கட்டும்னு உட்கார்ந்திருக்கேன்.