எஸ்ஏசிடி ஏன் செத்தது: 276-ஐக் காட்டிக் கதை விடாதீர்கள்

பழையவட்டு:
எஸ்ஏசிடி என்பது சிடியைவிட நுணுக்கமான ஒலிக்காக வந்த உயர்துல்லிய வட்டு; டெலார்க் அதில் வெளியிட்ட அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி. பழைய பிளேயர்கள் பற்றிய இழையில் நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "எஸ்ஏசிடி செத்ததற்கு ஒரே காரணம், மனிதக் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டெலார்க் படுத்ததும் அதனால்தான்." ஆதாரமாக 2007-இல் அமெரிக்காவில் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையைக் காட்டுகிறார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை.

எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ வட்டுகளை ஒரு முறை நேராகவும், இன்னொரு முறை நடுவே ஒலியை சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைக்கும் சுற்று ஒன்றை நுழைத்தும் ஓடவிட்டார்கள். எது எது என்று கேட்டவர்கள் 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். சரி, எந்த வட்டுகளைப் போட்டார்கள்? பலவும் பழைய அனலாக் டேப்பிலிருந்து எடுத்தவை. அந்த டேப்பின் இரைச்சலே 16 பிட்டின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும். வட்டில் இல்லாததைக் காது எங்கிருந்து கண்டுபிடிக்கும்?

நூல்கண்டு:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 554-இல் 276. பூவா தலையா போட்டாலும் 277 வரும்.

பழையவட்டு:
கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எந்த வட்டு?

நூல்கண்டு:
கடையில் "உயர்துல்லியம்" என்று அட்டை போட்டு விற்ற வட்டுதான். அதில் உயர்துல்லியம் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஏமாந்தது யார்?

ஒலிவேட்டை:
இரண்டு பேரும் காதை விட்டுக் கடைப்பக்கம் வாருங்கள். சோனியும் பிலிப்ஸும் 1999-இல் எஸ்ஏசிடியை இறக்கின. அடுத்த ஆண்டே டிவிடி ஆடியோ எதிரே வந்து நின்றது. திருட்டு நகலுக்குப் பயந்து டிஜிட்டல் வெளியீட்டை அடைத்துவிட்டார்கள். 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கர் சுற்றொலி கேட்க வேண்டுமானால் பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆறு ஒயர். டிவிடி ஆடியோவில் பல வட்டுகளுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்கவே டிவியைப் போட வேண்டும். இதை எந்த வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள்? டெலார்க்கை 2005-இல் கான்கார்ட் வாங்கியது, 2009-இல் ரெக்கார்டிங் குழுவை வீட்டுக்கு அனுப்பியது. குறுந்தட்டு விற்பனையே சரிந்துகொண்டிருந்த காலம் அது. காதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நூல்கண்டு:
காதுக்குத் தெரிந்திருந்தால் ஆறு ஒயரையும் மாட்டியிருப்பார்கள். 276.

பழையவட்டு:
டெலார்க்கைப் பற்றி நூல்கண்டு பேசக் கூடாது. 1977-இல் கிளீவ்லண்டில் ஜாக் ரென்னரும் ராபர்ட் வுட்ஸும் தொடங்கிய கம்பெனி அது. சிடி வருவதற்கு முன்பே, சவுண்ட்ஸ்ட்ரீம் இயந்திரத்தை வைத்து டிஜிட்டலில் பதிந்தவர்கள். சைக்கோவ்ஸ்கியின் 1812 இசையைப் பதிந்த அவர்களுடைய எல்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பீரங்கி வெடிக்கும் இடத்தில் வரிப்பள்ளம் வளைந்து வளைந்து போவது வெறும் கண்ணுக்கே தெரியும். பல ஊசிகள் அந்த இடத்தில் துள்ளி வெளியே விழும். ஸ்பீக்கர் கிழியலாம் என்று உறையிலேயே எச்சரித்து விற்றார்கள். அப்படி உழைத்த ஆட்களை "காதுக்குத் தெரியவில்லை" என்று ஒரே வரியில் புதைப்பதா?

நூல்கண்டு:
நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சவுண்ட்ஸ்ட்ரீம் எவ்வளவு? 16 பிட், 50 கிலோஹெர்ட்ஸ். சிடிக்கு ஒரு முழம் மேலே, அவ்வளவுதான். அதே பதிவுகளை எஸ்ஏசிடியில் போட்டு மறுபடி விற்றார்கள். வாங்கிய ரசிகர்கள் உச்ச ஒலிகளில் புதிய காற்று வீசுவதாக எழுதினார்கள். 50 கிலோஹெர்ட்ஸில் எந்தக் காற்று?

பழையவட்டு:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! எந்த வட்டு, அதன் மூலம் என்ன என்று பார்க்காமல் 276 என்று கத்துவதில் அர்த்தமில்லை!

டப்பாசெட்டு:
2016-இல் ரைஸ் என்ற ஆய்வாளர் இதே வித்தியாசத்தைச் சோதித்த 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். 12,500-க்கு மேற்பட்ட தடவைகள். 52.3 சதவீதம் சரி. பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆக வித்தியாசம் இருக்கிறது.

நூல்கண்டு:
52.3! இதற்காகவா லட்சக்கணக்கில் கொட்டினீர்கள்?

பழையவட்டு:
50 இல்லை அல்லவா? ஒத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு:
மாட்டேன். மோஃபை என்ற ரெக்கார்டு கம்பெனியின் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். முழுக்க அனலாக் என்று நம்பி 125 டாலருக்கு எல்பி வாங்கிய தங்கக் காதுக்காரர்கள், நடுவே டிஎஸ்டி கோப்பு (எஸ்ஏசிடியின் டிஜிட்டல் வடிவம்) இருந்ததைப் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கவில்லை. 2022-இல் பீனிக்ஸ் ஊர் ரெக்கார்டு கடைக்காரர் ஒருவர் போட்டு உடைத்த பிறகுதான் கோர்ட்டுக்கு ஓடினார்கள். அந்த எல்பிகளைப் புகழ்ந்து இங்கே எழுதியவர்களில் பழையவட்டு சாரும் உண்டு.

பழையவட்டு:
ஆமாம், புகழ்ந்தேன், இன்றும் புகழ்வேன். நன்றாக இருந்தது, ஏனென்றால் டிஎஸ்டி நன்றாக இருக்கிறது! என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பொய் விளம்பரம் அவர்கள் குற்றம், அது வேறு வழக்கு. ஒயர் இழையில் என்னிடம் வாங்கியதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை, அந்தக் கடுப்பை இங்கே கொட்டுகிறீர்கள்.

நூல்கண்டு:
ஒயர் இழையில் வாங்கியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒலிவேட்டை:
2021-இல் ஆப்பிள் தன் இணைய இசைச் சேவையில் உயர்துல்லியத்தைக் கூடுதல் காசில்லாமல் கொடுத்துவிட்டது. ஒப்போ 2018-லேயே பிளேயர் தயாரிப்பைக் கைவிட்டது. நீங்கள் இன்னும் ஒயரில் நிற்கிறீர்கள்.

பழையவட்டு:
நெதர்லாந்தின் பென்டாடோன், நார்வேயின் 2எல், கன்சாஸின் அனலாக் புரொடக்‌ஷன்ஸ் எல்லாம் எஸ்ஏசிடிக்காக உழைத்த கம்பெனிகள். அந்த வட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் செவிடர்களா? நூல்கண்டு, அதே ஆய்வறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது: அந்த வட்டுகள் பெரும்பாலான சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன என்று மேயரும் மோரனுமே எழுதியிருக்கிறார்கள். அதை ஏன் விழுங்கினீர்கள்?

நூல்கண்டு:
நன்றாக ஒலித்தது மாஸ்டரிங்கால் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் விழுங்கியது அது. அதே மாஸ்டரிங்கை சிடியில் போட்டால் போதும். 276.

பழையவட்டு:
போடவில்லையே! 20 ஆண்டு சத்தத்தை ஏற்றி ஏற்றி சிடியை நசுக்கிய கம்பெனிகள், பொறுப்பாகச் செய்த மாஸ்டரை எஸ்ஏசிடிக்கு ஒதுக்கினார்கள். நான் எதை வாங்க வேண்டும்? நாளை இரவு சோதனையில் பயன்பட்ட வட்டுகளின் பட்டியலை இங்கே போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் மூலம் என்ன என்று நீங்கள் எழுதுங்கள், நூல்கண்டு. ஒன்றுகூட விடாமல்.

நூல்கண்டு:
போடுங்கள். ஒயர் இழையிலும் இப்படித்தான் ஒரு பட்டியல் வரும் என்றீர்கள்.