பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குக் கிளம்பும் குடும்பங்கள்: பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகாமல் என்ன செய்யலாம்?

மலையோரத்தாய் (பென்னாகரம் வட்டம்) கேட்டது:

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாகப் பொறுப்பில் இருக்கிறேன். மலையோரக் குக்கிராமம், பேருந்து காலையும் மாலையும்தான். தைப்பொங்கல் முடிந்த வாரமே கால்வாசிக் குடும்பங்கள் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் சூளைக்குக் கிளம்பிவிடுகின்றன. சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு. பிள்ளைகளையும் கூட்டிப் போய்விடுகிறார்கள். திரும்புவது ஜூனில், மழை பிடித்த பிறகு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் எப்படியோ ஒட்டிக்கொள்கிறார்கள். ஆறு, ஏழில் ஒரு தடவை போய்வந்த பிள்ளை அடுத்த வருடம் பையைத் தூக்குவதே இல்லை.

போகிற பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதா, பெயரை இங்கேயே வைத்திருப்பதா? தலைமையாசிரியர் டி.சி. கொடுக்கத் தயங்குகிறார். பாட்டி தாத்தாவிடம் விட்டுப்போக ஒப்புக்கொள்ளும் வீடுகளுக்குப் பள்ளிப் பக்கமிருந்து என்ன ஏற்பாடு செய்து தரமுடியும்? விடுதி என்றால் யாரைப் பார்ப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கரும்பலகை (தலைமையாசிரியர், ஓய்வு) பதில்:

அம்மா, முதலில் நாள்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணம் கொடுக்க ஆரம்பிப்பது தீபாவளி ஒட்டி. கார்த்திகைக்குள் பெரும்பாலான வீடுகள் கைநீட்டி வாங்கியிருக்கும். வாங்கிய பிறகு போய்ப் பேசினால் ஒன்றும் நடக்காது, அந்தப் பணம் செலவாகியிருக்கும். அதனால் உங்கள் வேலை புரட்டாசியில் தொடங்க வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு வீடு வீடாக எழுதுங்கள்: எந்த ஊர்ச் சூளை, எந்த மேஸ்திரி, யார் யார் போகிறார்கள், வீட்டில் யார் தங்குகிறார்கள், எந்தப் பிள்ளை எந்த வகுப்பு. மேஸ்திரியின் கைப்பேசி எண் கட்டாயம் வேண்டும். பிப்ரவரியில் பெற்றோர் எண் அணைந்து கிடக்கும்போது அந்த ஒரு எண்தான் எடுக்கும்.

டி.சி. விஷயம். தலைமையாசிரியர் தயங்குவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்: எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகிவிடும் என்ற பயம். ஆனால் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான். ஜனவரியில் போய் ஜூனில் திரும்பிச் சேரும் பிள்ளையால் அந்தக் கணக்கில் ஒரு குறையும் வராது. இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

டி.சி. கொடுத்ததும் எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பிள்ளை பொதுத் தொகுப்புக்குப் போகும், அதாவது எந்தப் பள்ளியின் பெயரிலும் இல்லாத பிள்ளைகளின் பட்டியலுக்கு. சூளைப் பக்கத்துப் பள்ளி எமிஸ் எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளும். டி.சி. கொடுக்காமல் பெயரை இங்கேயே வைத்திருந்தால் அங்கே பிள்ளை வகுப்பில் உட்காரலாம், ஆனால் பதிவேட்டில் இருக்காது. புத்தகம், சீருடை, சத்துணவு எண்ணிக்கை எதிலும் பெயர் வராது. இங்கேயோ தொடர்ந்து 30 வேலைநாள் வராவிட்டால் இடைநின்ற பிள்ளை என்று பட்டியலில் ஏறிவிடும். இன்னொரு கூத்து, பெயரை விடக்கூடாது என்பதற்காகச் சில பள்ளிகளில் வராத பிள்ளைக்கு வருகை போடுவார்கள். அப்போது அந்தப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் சிக்காது. அரசுக் கணக்கில் நன்றாகப் படித்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு அம்மா கையில் கொடுங்கள்: டி.சி., ஆதார் நகல், எமிஸ் எண் எழுதிய சீட்டு, அரையாண்டு மதிப்பெண், சாதிச் சான்று நகல். ஜனவரியில் பள்ளி திறந்ததும் வரும் மூன்றாம் பருவப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அங்கே பருவத்தின் நடுவில் போய்க் கேட்டால் கிடைக்காது.

அங்கே சேர்க்க மறுத்தால்: கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவுப்படி டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லாவிட்டாலும் மறுக்கக் கூடாது என்கிறது. 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. சட்டம் பேசி அங்கே சண்டை போடவேண்டாம். உங்கள் தலைமையாசிரியர் அந்த ஒன்றியத்து வட்டார வள மையத்துக்கு (அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) ஒரு போன் போட்டால் போதும், பெரும்பாலும் அன்றே சேர்ந்துவிடும்.

ஏரிக்கரை:

கரும்பலகை சார் சொன்னது காகிதத்துக்குச் சரி. சூளை நடப்பு வேறு. நள்ளிரவு தாண்டியதும் கல் அறுப்பு தொடங்கும். புருஷன் பொண்டாட்டி ஜோடியாக இறங்கினால்தான் ஆயிரம் கல் கணக்குக் கட்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காக்காரி வேண்டும், அதற்காகத்தான் ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கூட்டிப் போவதே. விடியும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளை 3 கிலோமீட்டர் நடந்து தெரியாத பள்ளிக்குப் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பையனாக இருந்தால் காய்கிற கல்லைத் திருப்பிப் போடுகிற வேலைக்கு இறங்கியிருப்பான்.

என் கருத்து: 5-ஆம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளையை ஊரிலேயே நிறுத்தப் பாடுபடுங்கள். டி.சி. அதற்கு முடியாத வீட்டுக்கு மட்டும்.

நிறுத்தினால் பாட்டிக்கு எது கஷ்டம் என்று பாருங்கள். முதல்வரின் காலை உணவு 1 முதல் 5 வகுப்புக்குத்தான். உங்களுடையது நடுநிலைப் பள்ளி என்பதால் தம்பி சாப்பிடுவான், அக்கா வேடிக்கை பார்ப்பாள். மதியம் சத்துணவு இருவருக்கும் உண்டு. ஆக அக்காவுக்கு காலை, இருவருக்கும் ராத்திரி, சனி ஞாயிறு முழுக்க பாட்டி பொறுப்பு. ரேஷன் ஸ்மார்ட் கார்டை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் வீட்டில் அரிசி கிடையாது. கார்டு ஊரில் இருக்க வேண்டும், அதில் பெயர் உள்ள ஒருவர் ஊரில் இருக்க வேண்டும், அவர் கைரேகை கருவியில் விழ வேண்டும். வயதான கைகளுக்கு ரேகை விழாமல் போவது சகஜம். மார்கழியிலேயே ஒரு மாதப் பொருளை பாட்டியை வைத்து வாங்கிப் பார்த்துவிடுங்கள். விழாவிட்டால் பெற்றோர் ஊரில் இருக்கும்போதே வட்ட வழங்கல் அலுவலகத்தில் சொல்லி மாற்று ஏற்பாடு கேட்கலாம்.

மலையோரத்தாய்:

இரண்டு பேருக்கும் நன்றி. கார்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. விடுதி பற்றி யாராவது சொல்லுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாக விட்டுப்போகப் பயந்து, எட்டாவது முடித்ததும் மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்கிற பேச்சு இரண்டு வீட்டில் ஓடுகிறது.

தொப்பூர்க் கணவாய்:

மேடம், விடுதியில் நான்கு வகை உண்டு.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள். ஆதிதிராவிடர் நல விடுதிகள். இரண்டிலும் 4-ஆம் வகுப்பிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். பையன்களுக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பார்ப்பார்கள்: முதல் வகையில் குறைந்தது 8 கிலோமீட்டர், இரண்டாவதில் 5. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது. இது தெரியாமலே பலர் திரும்பிப் போகிறார்கள். விண்ணப்பத்தைப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ விடுதிக் காப்பாளினியிடமோ வாங்கலாம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் விண்ணப்பிக்கும்போது சாதி, வருமானச் சான்று இணைக்க வேண்டியதில்லை, சேரும்போது கொடுத்தால் போதும்.

மூன்றாவது, சித்தேரி மாதிரி மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. பள்ளியும் தங்குமிடமும் ஒன்றே.

நான்காவது, கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி. படிப்பை விட்ட, பள்ளிக்கே போகாத பெண் பிள்ளைகளுக்கானது, 6 முதல் 8 வரை. வட்டார வள மையம் வழியாகச் சேர்க்கை. இது ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதியில் ஓடுவது. 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் முதலில் ஆட்டம் காண்பது இந்த உறைவிடப் பள்ளிகளும், மலைப்பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டிக்கான பணமும்தான். வண்டிக்காரர் இரண்டு மாதம் பொறுப்பார், மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டே இருங்கள்.

இப்போது சிக்கல்கள். விடுதி இடங்கள் ஜூன், ஜூலையில் நிரம்பும். ஜனவரியில் போய்க் கேட்டால் காலியிடம் இருந்தால்தான் உண்டு. ஆகவே புரட்டாசியில் எடுக்கும் பட்டியல் இந்த வருடத்துக்கு அரைகுறையாகத்தான் உதவும், அடுத்த ஜூனுக்கு முழுசாக உதவும். அடுத்தது மே மாதம். விடுதி மூடிவிடும், அப்பா அம்மா இன்னும் சூளையில் இருப்பார்கள். பிள்ளை அங்கே போகும், ஒரு மாதம் வேலை பழகும், கையில் காசு பார்க்கும். விடுதியில் சேர்த்தும் படிப்பை விடும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மே மாதத்தில்தான் நழுவுகிறார்கள். மே மூன்றாம் வாரம் மேஸ்திரி எண்ணுக்குப் போட்டு, பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லி, யாரோடு எந்த வண்டியில் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

சாதிச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. மலையாளி (இங்குள்ள மலைவாழ் பழங்குடி), இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தரமாட்டார், கோட்டாட்சியர் அளவில்தான் வரும். நேரடி விசாரணை நடக்கும். விசாரணைக்கு வரும் நாளில் வீடு பூட்டிக் கிடந்தால் மனு அப்படியே தேங்கிவிடும். குடும்பம் ஊரில் இருக்கும் ஜூலை முதல் டிசம்பருக்குள் இ-சேவையில் போட்டு முடித்துவிடுங்கள்.

நிழற்குடை (குழந்தைகள் நலப் பணி):

கல்யாணப் பேச்சு பற்றி. 18 வயதுக்கு முன் நடத்துவது குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன் கீழ் குற்றம். தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், சொன்னவர் பெயர் வெளியே வராது. பெண்கள் உதவி எண் 181-உம் உண்டு. ஆனால் இன்னும் பேச்சளவில் இருக்கும் வீட்டில் சட்டத்தை முதலில் எடுத்தால் கதவைச் சாத்திவிட்டு, ஆந்திர எல்லையிலோ கர்நாடகத்திலோ கோயிலில் வைத்து முடித்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்குப் பயம் ஆளில்லா வீட்டில் பெண் தனியாக இருப்பதுதான். விடுதி இடம் கையில் இருந்தால் பாதிப் பேச்சு அடங்கும். மீதிக்குப் பணக்கணக்கு சொல்லலாம்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அந்த 6-12 அரசுப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான்.

அதைவிட அருகில் இருப்பது எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. தேர்வானால் 9 முதல் 12 வரை வருடம் 12,000, நான்கு வருடத்துக்கு 48,000. தேர்வு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும், அதாவது சரியாகக் குடும்பம் கிளம்பும் நேரம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50) எடுத்த பிள்ளைகளின் பெயரை இப்போதே குறித்துக்கொண்டு, அவர்கள் வீட்டை மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். தேர்வானபின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும். தேர்வாகியும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான்: ஆதாரில் ஒரு பெயர், எமிஸில் ஒரு பெயர், வங்கியில் இனிஷியல் வேறு. கணக்கு ஆதாரோடு இணைந்திருப்பது மட்டும் போதாது, பணம் வரும் கணக்காக அதைத்தான் குறித்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். அஞ்சலகக் கணக்கு என்றால் தபால்காரரே பார்த்துச் சொல்வார். ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழி புதுப்பிக்க வேண்டும் என்பதும் மறந்துபோகும் ஒன்று.

மாதம் 4,000 ரூபாய் தரும் நிதி ஆதரவுத் திட்டத்துக்குச் சிலர் எல்லாப் பிள்ளைகளையும் எழுதி அனுப்புவார்கள். அப்பா அம்மா வேலைக்கு வெளியூர் போனது அதற்குத் தகுதி இல்லை. தந்தையை இழந்து தாய் மட்டும் உள்ள பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, உறவினரிடம் வளரும் ஆதரவற்ற பிள்ளை, கடும் நோயில் உள்ள பெற்றோரின் பிள்ளை என்று தேர்ந்து அனுப்புங்கள். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள். மனு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு.

அஞ்செட்டிக்காரன்:

பெங்களூரு போகும் வீடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எமிஸ் தமிழ்நாட்டோடு நின்றுவிடும், கர்நாடகத்தில் அவர்களுக்கு வேறு பதிவு. டி.சி.யில் நிரந்தரக் கல்வி எண்ணை எழுதச் சொல்லுங்கள், 11 இலக்கம், இந்தியா முழுக்க அதுதான் செல்லும். எங்கள் தளி, கெலமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடம் வாயில் உண்டு, சிலர் இங்கேயே கன்னட வழியில் படிப்பவர்கள், அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். பென்னாகரத்துப் பிள்ளைக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. கட்டட வேலை நடக்கும் இடங்களில் டென்ட் பள்ளிகள் சில உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அது பரவாயில்லை.

அங்கே ஏப்ரல் முதல் பாதியிலேயே கோடை விடுமுறை விட்டுவிடுவார்கள். ஜனவரி கடைசியில் போய்ச் சேரும் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு மாதம், அதுவும் தேர்வு நேரம். இதற்காக டி.சி. வாங்கி அலையவேண்டாம். பெங்களூரு பக்கம்தான், அப்பாவோ அம்மாவோ மாதம் இரண்டு ஞாயிறு வந்து போகலாம். ஏப்ரல் ஆண்டுத் தேர்வு வரை பிள்ளையை ஊரில் வைத்துவிட்டு, லீவில் கூட்டிப் போகட்டும். சூளைக் குடும்பத்துக்கு இந்த வசதி இல்லை, முன்பணம் கழியும்வரை மேஸ்திரி விடமாட்டார்.

மலையோரத்தாய்:

ஏழாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நாளைக்கே கேட்டு வாங்குகிறேன். நோட்டுக்குக் கட்டம் போட்டாயிற்று. கரும்பலகை சார், ஒன்று மட்டும்: டி.சி. வாங்கிப் போய் ஜூனில் திரும்பும் பிள்ளை அங்கேயிருந்து டி.சி. வாங்காமல் வந்துவிட்டால்?

கரும்பலகை:

பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். இங்கே உடனே வகுப்பில் உட்கார வையுங்கள், 8-ஆம் வகுப்பு வரை அதற்குத் தடை இல்லை. எமிஸில் அந்தப் பள்ளியின் பெயரிலேயே பிள்ளை காட்டும், அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் நாம் எடுக்க முடியும். அந்தத் தலைமையாசிரியருக்குப் போன் செய்யுங்கள், விடாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகக் கேளுங்கள். ஜூலை 31-க்குள் முடித்துவிடுங்கள், ஆகஸ்ட் 1 கணக்கில் வரவேண்டும் அல்லவா.