தாத்தாவின் பத்மினிக்கு மேட் கருப்பு

*சனிக்கிழமை*

நான் (மாலை 6:12): தாத்தா, மாமா, எல்லோருக்கும் ஒரு சேதி. தாத்தாவின் பத்மினி காரில் டிங்கரிங் வேலை முடிந்தது. கதவுக்கு அடியிலும் பின் சக்கர வளைவிலும் துரு தின்ற தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தாயிற்று. இனி பெயிண்ட்தான். ஒர்க்ஷாப்பில் கேட்கும் தொகை என்னிடம் இல்லை. கையில் மிச்சம் 7,000 ரூபாய். நானே வீட்டில் மேட் கருப்பு, அதாவது பளபளப்பில்லாத கருப்பு, அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

அம்மா (6:15): கருப்பா? சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியுமா? அப்பா ஆசையாக க்ரீம் நிறத்தில் வாங்கிய வண்டி.

தாத்தா (6:31): 1984-இல் க்ரீம். அப்புறம் 1995-இல் நீலம் அடித்தோம். அப்போதும் உங்கள் அம்மா ஒரு வாரம் வருத்தப்பட்டாள். இப்போது வண்டி பேரனுடையது. அவனுக்குப் பிடித்த நிறம் இருக்கட்டும்.

தங்கச்சி (6:33): மிலிட்டரி பச்சை அடி அண்ணா, நல்லா இருக்கும்!

சித்தி (6:40): அது கூடாது கண்ணு. ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 121-ஆம் விதி. கருப்பு அடிக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் நிறம் நீலம் என்று இருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லித் திருத்த வேண்டும், இன்சூரன்ஸிலும் தெரிவிக்க வேண்டும். டப்பா வாங்கும் முன் அந்த வேலையைத் தொடங்கிவிடு. நான் தினமும் கிளைம் ஃபைல் பார்க்கிறவள், அதனால் சொல்கிறேன்.

நான் (6:42): சரி சித்தி. திங்கள்கிழமையே போகிறேன்.

சேலம் மாமா (இரவு 8:05): மாப்பிள்ளை, பெயிண்ட் கடைக்கு இன்னும் போகவில்லையே? முதலில் வண்டி மேல் இருக்கும் பழைய பெயிண்ட் எந்த வகை என்று தெரியணும். என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ், சீக்கிரம் காய்கிற பெயிண்ட். அதன் தின்னரைப் பஞ்சில் நனைத்து, பின் பம்பர் மறைக்கிற இடத்தில் அரை நிமிடம் ஒட்டி வைத்து எடு. நிறம் பஞ்சோடு வந்தால் என்.சி. தோல் சுருங்கினால் சிந்தெடிக் எனாமல். எதுவும் ஆகவில்லை என்றால் கம்பெனியில் சூடேற்றிக் காய வைத்தது, இல்லையென்றால் ஹார்ட்னர் (பெயிண்டைக் கெட்டியாக்கும் ரசாயனம்) கலந்து அடித்தது.

நான் (8:31): பார்த்துவிட்டேன் மாமா. பால் ஏடு மாதிரி சுருங்குகிறது.

மாமா (8:33): அப்படியானால் என்.சி. பெயிண்ட் பக்கமே போகாதே. வண்டி பெயிண்டிங் கடை போட்ட புதிதில் ஒரு ஜீப் பானெட்டுக்குப் பழைய எனாமல் மேலேயே என்.சி. அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மொத்தமும் எழும்பிவிட்டது. தகடு தெரியும்வரை சுரண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.

சித்தப்பா (8:40): கடையில் பிளாக்போர்டு பெயிண்ட் இருக்கிறதே. அதுவும் பளபளப்பில்லாத கருப்புதான். விலையும் கம்மி.

தாத்தா (8:52): அது எனக்குத் தெரிந்த விஷயம். 31 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவன். நான் படித்த பள்ளியில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து நாங்களே பலகையில் தேய்ப்போம். பின்னால்தான் டப்பா பெயிண்ட் வந்தது. ஜன்னல் ஓரப் பிள்ளைக்கும் எழுத்து தெரிய வேண்டும், அதனால்தான் பலகை மின்னக் கூடாது. மே மாத விடுமுறையில் திரும்பப் பூசுவோம். வராந்தாவில் வெயில் படுகிற பலகை மட்டும் சீக்கிரம் வெளுத்து, சாம்பல் பூத்துவிடும். நிழலில் இருந்த பலகைக்கு ஒன்றும் ஆகாது.

மாமா (8:58): அப்பா சொன்னதுதான் சரி. அந்தப் பெயிண்ட் அறைக்குள் இருக்கிற பலகைக்கானது. வெயிலும் மழையும் படுகிற வண்டிக்கு வெளிப்புறத்துக்கான மேட் கருப்பு சிந்தெடிக் எனாமல் வாங்கு. 3 லிட்டர் போதும். கலக்க மினரல் டர்பென்டைன். ஸ்பிரே கேன் முழு வண்டிக்குக் கட்டாது, அதில் பெயிண்ட் விசிறுகிற அகலமும் சின்னது, பட்டை பட்டையாக விழும். ஹார்ட்னர் கலக்கிற பெயிண்ட்தான் ரொம்ப நாள் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் மூச்சைப் பாதிக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. முகத்தில் துணி கட்டினால் போதாது, அதற்கென்று காற்றுக் குழாய் வைத்த முகமூடி வேண்டும். வீட்டு போர்டிகோவில் வேண்டவே வேண்டாம்.

நான் (9:04): மேட் என்றால் ஒடுக்கு தெரியாது என்கிறார்களே மாமா? பட்டி (ஒடுக்கை நிரப்பும் பசை) வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?

மாமா (9:15): பாதிதான் உண்மை. பளபளப்பு இல்லாததால் தகட்டின் அலை கண்ணில் படாது, அதனால் பட்டியைக் கண்ணாடி மாதிரி இழைக்க வேண்டியதில்லை. ஆனால் உப்புத்தாள் கீறல் அப்படியே தெரியும். பட்டி போட்ட இடம் 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 320, கடைசியில் 400 வரை வர வேண்டும். மற்ற இடமெல்லாம் வாட்டர் பேப்பர் போட்டு 400. உன் 7,000-த்தில் பாதிக்கு மேல் உப்புத்தாள், பிரைமர் (அடிப்பூச்சு), மாஸ்கிங் டேப்புக்கே போகட்டும். கருப்பு டப்பாதான் இதில் மலிவு.

அக்கா (9:20): தண்ணீர் விட்டே தேய்டா. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். பாப்பா அங்கேதான் தவழ்கிறாள். தேய்த்த தண்ணீரைச் செடிக்கு விடாதே, துணியில் துடைத்து எடு.

நான் (9:22): பாப்பா ஊருக்குப் போகும்வரை தொடவே மாட்டேன் அக்கா.

*அடுத்த வெள்ளிக்கிழமை*

நான் (இரவு 7:48): (புகைப்படம்) ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பாப்பாவும் ஊருக்குப் போயாயிற்று. வண்டியும் தேய்த்து முடிந்தது. வெறும் தகடு தெரிகிற இடத்தில் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு, அதன் மேல் சாம்பல் நிறப் பிரைமர். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் இரண்டு முறை கழுவினேன்.

மாமா (7:55): நன்றாக வந்திருக்கிறது. டாஷ்போர்டுக்கு அடிக்கிற சிலிக்கான் பாலிஷ் வண்டி பக்கம் வரவே கூடாது. அதன் துளி பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது, சின்னச் சின்னக் குழியாக விழும்.

மாமா (7:56): (குரல் பதிவு, 2:10)

தங்கச்சி (8:02): தாத்தாவுக்குக் குரல் பதிவு சரியாகக் கேட்காது. யாராவது எழுதிவிடுங்கள்.

நான் (8:15): எழுதுகிறேன் தாத்தா. மேட் பெயிண்டில் நுண்ணிய சிலிக்கா தூள் கலந்திருக்கிறது. காய்ந்ததும் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் மின்னாது. அந்தத் தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். கட்டையால் அடிவரை ஐந்து நிமிடம் கிளற வேண்டும். கிளறாமல் அடித்தால் முதல் கதவு மினுமினுப்பாகவும் கடைசிக் கதவு சுண்ணாம்பு மாதிரியும் வருமாம். 3 டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துகொள்ளச் சொன்னார்.

தாத்தா (8:20): தெளிவாக இருக்கிறது. மாமாவிடம் கேள், எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும்?

மாமா (8:24): காலை பனி ஈரம் காய்ந்ததும், தகடு சுடுவதற்கு முன். 7-இலிருந்து 9-க்குள். சுடுகிற தகட்டில் பட்டவுடன் காய்ந்து மணல் மாதிரி ஆகும். தரையில் தண்ணீர் தெளித்துவிடு, தூசி எழாது. ஆமாம், வாசல் வேப்பமரம் இப்போது பூ உதிர்க்குமே?

அம்மா (8:26): காலையில் வாசல் முழுக்க அதுதான். பழைய வேட்டிகளை மேலே பந்தல் மாதிரி கட்டித் தருகிறேன். நீ அடிக்கிற நேரம் சமையலறை ஜன்னலைச் சாத்தி அடுப்பை அணைத்துவிடுவேன். சாமி விளக்கையும் அப்புறம்தான் ஏற்றுவேன்.

மாமா (8:28): அக்கா, அது ரொம்ப முக்கியம். டர்பென்டைன் ஆவிக்கு ஒரு பொறி போதும். பெயிண்ட் துடைத்த துணியையும் சுருட்டிப் போடாதே மாப்பிள்ளை. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய வை.

*ஞாயிற்றுக்கிழமை*

நான் (காலை 9:40): (புகைப்படம்) பானெட்டில் மட்டும் முதலில் அடித்துப் பார்த்தேன் மாமா. இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வரிவரியாகத் தெரிகிறது. மனசு விட்டுப்போச்சு.

மாமா (9:47): வரி விழாமல் யாருக்கும் முதல் பானெட் வந்ததில்லை. எப்படி அடித்தாய்?

நான் (9:50): ஒரு வரிக்குப் பக்கத்தில் அடுத்த வரி. வலது பக்கம் மெலிதாக இருந்தது, அங்கே மட்டும் மறுபடி ஒரு தடவை.

மாமா (9:58): இரண்டு தப்பு. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். ஸ்பிரே கன் தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே இருக்கணும், மணிக்கட்டை ஆட்டாமல் உடம்போடு நகரணும். அதைவிடப் பெரியது, மேட் பெயிண்டில் ஒட்டுப் போடவே முடியாது. ஓரிடம் மெலிதாக இருந்தால் அந்த பானெட் முழுவதும் மறுபடி ஒரு கை. தேய்த்துச் சரிசெய்யலாம் என்றும் நினைக்காதே, தேய்த்த இடம் மின்னி நிற்கும். நாளைக்கு பாலிஷ், வாக்ஸ் எதுவும் கூடாது என்பதும் அதனால்தான்.

நான் (10:01): இப்போதே இன்னொரு கை அடிக்கட்டுமா?

மாமா (10:02): வேண்டாம்! பாதி காய்ந்த எனாமல் மேல் அடித்தால் அதுவே சுருங்கும். ஒரு வாரம் விடு. பிறகு 400 தாளில் லேசாகத் தடவிவிட்டு ஒரு கை நீளவாக்கில், அரை மணி கழித்து மெலிதாக ஒரு கை குறுக்குவாக்கில்.

*அதற்கடுத்த ஞாயிறு*

நான் (காலை 9:15): (புகைப்படம்) (புகைப்படம்)

அக்கா (9:18): டேய்! ஒரு வரி கூட இல்லை!

மாமா (9:21): மாப்பிள்ளை, இதை என் கடை வாசலில் நிறுத்துவேன். காசு வாங்கிக்கொண்டே நிறுத்துவேன்.

தாத்தா (9:34): உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். கிழக்கு வெயில் நேரே பானெட்டில் விழுகிறது, கண் கூசவில்லை. நீலத்தில் காலை நேரம் ஓட்டும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டே போவேன்.

மாமா (9:40): அந்தக் காலத்து ராலி கார்களில் பானெட்டை மட்டும் மேட் கருப்பாக அடித்தது அதற்குத்தான் அப்பா.

அம்மா (9:44): சரி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கூரைக்கு மட்டும் க்ரீம் அடிக்கலாமா? உச்சி வெயில் அங்கேதான் விழும். அப்பா வாங்கிய நிறமும் கொஞ்சம் இருக்கும்.

நான் (9:45): அடிக்கலாம் அம்மா. எனக்கும் பிடிச்சிருக்கு.

சித்தி (9:52): அப்படியானால் விண்ணப்பத்தில் இரண்டு நிறத்தையும் எழுத வேண்டும். நாளைக்கே கேட்டுவிடு.

மாமா (9:55): க்ரீமும் சிந்தெடிக் எனாமலாகவே வாங்கு. சனிக்கிழமை ராத்திரி வந்துவிடுகிறேன். கூரையை முதலில் முடித்துவிட்டு, காய்ந்ததும் டேப் ஒட்டிக் கதவுக்குப் போகலாம். கம்ப்ரஸர் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்து வை.