சாதா டிவியில் ஃபயர் ஸ்டிக் மாட்ட என்னென்ன வேண்டும்?

குடியாத்தம்_மருமகள்:
எங்கள் வீட்டில் 32 இஞ்ச் எல்இடி, ஸ்மார்ட் டிவி கிடையாது, கேபிள்தான் ஓடுகிறது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் (நெட்டில் வரும் படங்களை டிவியில் காட்டும் குட்டிக் கருவி) வாங்கினால் அது ஒன்றே போதுமா? வைஃபை இல்லை, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொள்ளலாமா? அத்தை அறையில் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் நன்றாக இருக்கிறது, அதிலும் மாட்டலாமா என்று கேட்கிறார்.

சத்துவாச்சாரி_டிவி_மெக்கானிக்:
முதலில் டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாரும்மா. எச்டிஎம்ஐ என்று எழுதிய துளை இருந்தால்தான் ஸ்டிக் வேலைக்கு ஆகும். அடுத்தது கரண்ட். டிவியிலேயே யுஎஸ்பி இருக்கிறதே என்று அதில் சொருகிவிடுகிறார்கள், பல டிவிகளில் அங்கே அரை ஆம்பியர்தான் வரும், ஸ்டிக்குக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர் வேண்டும், அதனால் படம் ஓடும்போதே அணைந்து மறுபடி லோகோவில் வந்து நிற்கும். ‘ஸ்டிக் போச்சு’ என்று என்னிடம் வருவதில் நிறைய இந்தக் கதைதான். கூடவே வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள். டிவி சுவரோடு ஒட்டியிருந்தால் ஸ்டிக் நுழையாது, பெட்டியில் இருக்கும் குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை_ஃபைபர்:
ஹாட்ஸ்பாட் வேண்டாம் சகோதரி. எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, தினம் 2 ஜிபி பேக் இடைவேளை வரைகூட வராது. போனை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைக்குப் போனால் டிவியும் நின்றுவிடும். உங்கள் கேபிள்காரரிடமே ஃபைபர் நெட் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு டிவிக்கு எச்டியில் பார்க்க 5 எம்பிபிஎஸ் நெட் வேகம் தடையில்லாமல் வந்தால் போதும், எச்டியைவிடத் துல்லியமான 4கே என்றால் 15 வேண்டும், ஆனால் 32 இஞ்சுக்கு 4கே ஸ்டிக் வீண் செலவு. ரவுட்டரை டிவி இருக்கும் கூடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய வீட்டுக் கெட்டிச் சுவர்களைத் தாண்டி ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் சரியாகப் போகாது, உள்ளறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல்தான் சரி. இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரண்ட் போனாலும் நெட் நிற்காமலிருக்க ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் (குட்டி பேட்டரி) போடுங்கள்.

ஆம்பூர்_அண்ணன்:
அமேசான் கணக்கு கட்டாயம், பிரைம் சந்தா கட்டாயம் இல்லை. யூடியூப் காசில்லாமல் பார்க்கலாம். பிள்ளைகள் இருந்தால், எதை வாங்கினாலும் ரகசிய எண் கேட்கும்படி வைத்துவிடுங்கள், ரிமோட்டைத் தட்டித் தட்டியே எதையாவது வாங்கிவிடுவார்கள்.

குடியாத்தம்_மருமகள்:
ரொம்ப நன்றி. பார்த்துவிட்டேன், எச்டிஎம்ஐ ஒன்றே ஒன்றுதான், அதிலும் கேபிள் செட்டாப் பாக்ஸ் மாட்டியிருக்கிறது! சீரியல் நேரத்தில் கழற்றினால் அத்தை விடமாட்டார்.

சத்துவாச்சாரி_டிவி_மெக்கானிக்:
கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தால் துளை லூசாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் பாக்ஸை அந்த ஏவி ஒயருக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயை ஸ்டிக்குக்கு விடுங்கள், கேபிள் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மங்கக் கூடாது என்றால் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் ஒன்று வாங்கி இரண்டையும் அதில் மாட்டலாம். அந்த 14 இஞ்ச் டிவிக்கு எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கன்வெர்ட்டர் கிடைக்கும், ஆனால் எழுத்தெல்லாம் பொடியாகிப் படிக்கவே முடியாது, படத்தை நகல் எடுக்கவிடாத பாதுகாப்பு காரணமாகச் சில ஆப்பில் படமே வராமலும் போகும். அதற்குக் காசு போடாதீர்கள், அத்தைக்கு அதில் கேபிளே இருக்கட்டும்.