கூடையில் நாணய மாற்றம்: ரசீதை வரிவரியாக மாற்றுவதா, மொத்தத்தை மாற்றுவதா?

காசுக்கணக்கர்:
இணையக் கடையில் நாணய மாற்று வசதியை எப்படிச் சேர்ப்பது என்று நேற்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்கு நண்பர் நிரல்வேந்தன், "பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் போதும், கூடையின் மொத்தத்தை அன்றைய விகிதத்தால் பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்தால் (அருகிலுள்ள சென்ட்டுக்கு முழுமைப்படுத்தினால்) வேலை முடிந்தது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு பொருளின் விலை 4.95 டாலர், ஒரு டாலருக்கு 0.92 யூரோ என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4.554 வருகிறது, பொருளின் பக்கத்தில் 4.55 யூரோ என்று காட்டுவோம். வாங்குபவர் மூன்று எடுக்கிறார். அவர் மனக்கணக்கில் 13.65. நிரல்வேந்தன் வழியில் 14.85 டாலரை மாற்றினால் 13.662, அதாவது 13.66. ரசீதில் மூன்று வரிகளைக் கூட்டினால் ஒரு தொகை, அடியில் அச்சாகியிருப்பது வேறொரு தொகை. அச்சிட்ட வரிகளின் கூட்டல் அச்சிட்ட மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கணக்கு என்றால் இதுதான்.

நிரல்வேந்தன்:
ஒரு சென்ட்டுக்காகத் தனி இழையே தொடங்கியிருக்கும் காசுக்கணக்கருக்கு என் வணக்கம். 4.95 டாலருக்கு உண்மையான ஈடு 4.554 யூரோ. அதை 4.55 என்று வெட்டிய கணமே பிழை புகுந்துவிட்டது. அந்தப் பிழையை எண்ணிக்கையால் பெருக்குவது உங்கள் முறை. நூறு எடுத்தால் 495 டாலர், மாற்றினால் 455.40 யூரோ. உங்கள் வழியில் 455.00. அந்த 40 சென்ட் யாருடைய பணம்? இடைநிலையில் ரவுண்ட் செய்யாதே, இறுதியில் மட்டும் செய் என்பது எண்கணிதத்தின் பாலபாடம்.

சட்டமும் என் பக்கம்தான். யூரோ நாணயத்துக்கு மாறியபோது ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டின் 1103ஆம் ஒழுங்குவிதியில், மாற்று விகிதத்தை ஆறு முக்கிய இலக்கங்களோடு அப்படியே பயன்படுத்த வேண்டும், விகிதத்தை வெட்டக் கூடாது, செலுத்தும் தொகையை மட்டுமே சென்ட்டுக்கு ரவுண்ட் செய்ய வேண்டும் என்று வகுத்தது.

காசுக்கணக்கர்:
விகிதத்தை வெட்டச் சொன்னது யார்? நான் வெட்டச் சொன்னது விலையை. அந்த ஒழுங்குவிதியில் வரியா மொத்தமா என்ற பேச்சே கிடையாது. இல்லாததை அதன் வாயில் திணிக்க வேண்டாம். ஒரே ஒரு பொருளை வாங்குபவர் 4.55 யூரோதான் செலுத்துகிறார். எனவே அது செலுத்தும் தொகைதான். மூன்று வாங்கினால் மட்டும் அதே பொருளின் விலை எப்படி மாறும்?

நடைமுறைக்கும் வருகிறேன். பொருள்வாரி விவரத்தோடு ஓர் ஆர்டரைப் பணம் செலுத்தும் சேவையான பேபாலுக்கு அனுப்பினால், ஒவ்வொரு பொருளின் விலையையும் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிய தொகை, நாம் தரும் பொருள்மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சென்ட் பிசகினாலும் ஆர்டர் நிராகரிக்கப்படும். அச்சிட்ட வரிகளின் கூட்டல் அச்சிட்ட மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

தேன்கூடு:
இருவரிடமும் ஒரு கேள்வி. இங்கே பேசுவது பார்ப்பதற்காகக் காட்டும் நாணயத்தைப் பற்றியா, அட்டையிலிருந்து உண்மையில் வசூலிக்கும் நாணயத்தைப் பற்றியா? கடை டாலரில்தான் வசூலிக்கிறது, யூரோ வெறும் காட்சிக்கு என்றால், வாடிக்கையாளரின் கணக்கில் கழியும் தொகையை முடிவுசெய்வது அட்டை வலையமைப்பின் விகிதமும் அவருடைய வங்கி சேர்க்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும்தான். அந்தக் கட்டணம் மூன்று சதவீதம் வரை போகும்போது, நீங்கள் இருவரும் மோதிக்கொள்ளும் அந்த ஒரு சென்ட்டுக்குப் பொருளே இல்லை. "தோராயமாக" என்று விலைக்கு முன்னால் போட்டு, வசூலிக்கும் டாலர் தொகையையும் பக்கத்தில் காட்டினால் போதும். முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே பேசலாமே.

நிரல்வேந்தன்:
தேன்கூடு சொல்வது வேறு விவாதம். காசுக்கணக்கர், உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு கைபேசி நிறுவனம் நிமிடக் கட்டணத்தை யூரோவுக்கு மாற்றியபோது எழுந்த வழக்கில், அலகுக் கட்டணம் என்பது செலுத்தும் தொகை அல்ல, ஆகவே அதைக் கட்டாயமாகச் சென்ட்டுக்கு ரவுண்ட் செய்ய வேண்டியதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2004இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அலகு வேறு, தொகை வேறு.

காசுக்கணக்கர்:
நிமிடத்தை யாரும் ஒன்றிரண்டாக எடுத்துக் கூடையில் போடுவதில்லை. மாதக் கடைசியில் பில் வருகிறது, அதுதான் செலுத்தும் தொகை. நம் கடையில் பொருளுக்கு அருகே விலை எழுதியிருக்கிறது, அதன் கீழே "வாங்கு" என்ற பொத்தானும் இருக்கிறது. எழுதிய விலை வாக்குறுதி. தீர்ப்பைத் தேடிப் பிடித்த நீங்கள், அதன் சூழலையும் சேர்த்துப் படித்திருக்கலாம்.

யென்னுக்கு வாருங்கள். யென்னுக்குத் தசமமே கிடையாது. குவைத் தினாருக்கு மூன்று தசமம். இவை நாணயங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4217இல் இருக்கின்றன. ஒரு டாலர் 150 யென் என்றால் 4.95 டாலர் என்பது 742.5 யென். ஜாவாஸ்கிரிப்டின் ரவுண்ட் 743 தரும். சர்வரில் பைத்தான் 3 என்ற நிரல்மொழி இருந்தால் அதன் ரவுண்ட், பாதியை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளி 742 தரும். பக்கத்தில் ஒரு விலை, ஆர்டரில் ஒரு விலை. உங்கள் பத்து வரியில் இதற்கு எந்த வரி இருக்கிறது? விலையை ஓர் இடத்தில், ஒரு முறை மாற்றி, சென்ட் போன்ற மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமித்துவிட்டால் அந்தக் குழப்பமே எழாது. அதன்பின் கூட்டல் மட்டும்தான்.

நிரல்வேந்தன்:
பாலபாடத்தை நான் சொன்னால் தவறு, நீங்கள் சொன்னால் ஞானமா? முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. 1.005 என்ற எண்ணை இரண்டு தசமத்துக்கு எழுதச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 1.01 தராமல் 1.00 என்று தருகிறது என்பதை, சென்ற ஆண்டு வரிக் கணக்கு இழையில் உங்களுக்குச் சுட்டிக்காட்டியவனே நான்தான். அன்று நீங்கள் இழையை விட்டு நழுவினீர்கள். அந்தக் கோபம்தான் இன்று ஒரு சென்ட்டாக வெளிவருகிறது.

காசுக்கணக்கர்:
நழுவவில்லை. அந்த இழை பூட்டப்பட்டது. பூட்டச் சொல்லி முறையிட்டது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

அலைவரிசை:
இருவரும் விகிதம் எங்கிருந்து வருகிறது என்பதையே பேசவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி தன் குறிப்பு விகிதத்தை வேலைநாட்களில் மட்டும், மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை நான்கு மணியளவில் வெளியிடுகிறது; தகவலுக்காக மட்டுமே என்றும் சொல்லிவிடுகிறது. வெள்ளி மாலை எடுத்த எண் திங்கள் மாலை வரை ஓடும். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிய கீழ்வரம்பைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. அன்று காலை விகிதத்தைக் கூடையில் பூட்டி வைத்திருந்த கடையின் கதியை எண்ணிப் பாருங்கள். விகிதத்துக்குக் காலாவதி நேரம் வேண்டும்.

காசுக்கணக்கர்:
காலாவதி நேரம் வைக்க வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? காலாவதியான விகிதமோ புதிய விகிதமோ, மாற்றுவது வரியையா மொத்தத்தையா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய பிராங்கைக் கொண்டுவந்து இழையைத் திசைதிருப்ப வேண்டாம்.

அலைவரிசை:
திசைதிருப்புவது நானா? விகிதமே பிழையென்றால் உங்கள் ரவுண்டிங் எதைக் காப்பாற்றும்? ஒரு முறை உருவான பக்கத்தைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து மறுபடி தரும் கடைகளில் யூரோ வாடிக்கையாளருக்கு உருவான பக்கம் யென் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாணயத்தையும் கேஷின் சாவியில் (சேமித்த பக்கத்தை அடையாளம் காணும் குறியில்) சேர்க்காதவரை இந்தச் சென்ட் சண்டை வெட்டிப்பேச்சு.

தேன்கூடு:
காட்சியா, வசூலா? இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பித் தரும்போது எந்த விகிதம் என்பதும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. டாலரில் வசூலித்து டாலரில் திருப்பினால், வாடிக்கையாளரின் வங்கி அன்றைய விகிதத்தில் வரவு வைக்கும். அவர் செலுத்திய யூரோ அப்படியே திரும்பி வராது. புகார் வருவதே இங்கேதான்.

காசுக்கணக்கர்:
அம்மா, மூன்றில் ஒன்றை மட்டும் திருப்பித் தரும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிவரியாக மாற்றியிருந்தால் 4.55 யூரோ, கேள்விக்கே இடமில்லை. மொத்தத்தை மாற்றியிருந்தால் 13.66ஐ மூன்றால் வகுக்க வேண்டும்; வகுபடாது. இரண்டு பேருக்கு 4.55, ஒருவருக்கு 4.56 என்று சீட்டுக் குலுக்கிப் போடுவாரா நிரல்வேந்தன்? உங்கள் கேள்வியும் என் பக்கம்தான் சாய்கிறது.

தேன்கூடு:
என் கேள்வி யார் பக்கமும் சாயவில்லை. நான் கேட்டது வேறு.

நிரல்வேந்தன்:
மீதியை ஒரு வரியில் சேர்த்துவிடுவது கணக்கியலில் காலங்காலமாக நடப்பது. மொத்தத்தை முதலில் மாற்றி, அதை வரிகளுக்குப் பங்கிட்டு, மிஞ்சும் சென்ட்டைக் கடைசி வரியில் போட்டால் கூட்டலும் சரியாகும், மொத்தமும் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும், பேபாலும் ஏற்கும். இதைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

காசுக்கணக்கர்:
அப்படியானால் ஒரே ரசீதில், ஒரே பொருளுக்கு, இரண்டு வரியில் 4.55, மூன்றாம் வரியில் 4.56. பொருளின் பக்கத்திலோ 4.55. வாங்குபவர் கேட்டால் "மிஞ்சிய சென்ட்" என்று பதில் எழுதுவீர்களா? பத்து வரியில் தொடங்கியவர் இப்போது பங்கீட்டு முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்; அதையும் எழுதிக் காட்டட்டும், எத்தனை வரி ஆகிறது என்று எண்ணிப் பார்ப்போம். அச்சிட்ட வரிகளின் கூட்டல் அச்சிட்ட மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அச்சிட்ட வரி காட்டிய விலைக்கும் சமமாக இருக்க வேண்டும்.

நிரல்வேந்தன்:
இரண்டாவது நிபந்தனையை இப்போதுதான் சேர்க்கிறீர்கள். முதல் பதிவில் அது இல்லை.

காசுக்கணக்கர்:
முதல் பதிவை மறுபடி படியுங்கள். பொருளின் பக்கத்தில் 4.55 யூரோ என்று எழுதித்தான் தொடங்கியிருக்கிறேன்.