கார்னெல் 1977: ஒரே ஒரு ஃபைல் கெட்டிருக்கிறது

அமெரிக்க ராக் இசைக்குழு கிரேட்ஃபுல் டெட், 8 மே 1977, கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹால் கச்சேரி. ரசிகர் ஒருவர் கூட்டத்திலிருந்து மைக் வைத்துப் பதிந்தது, எஸ்எச்என் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் வகை) ஃபைல்கள். இரண்டாம் டிஸ்க்கில் மூன்றாவது ஃபைலுக்கு மட்டும் எம்டி5 (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகவில்லை. நாலாவது நிமிடம் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு பாட்டு நின்றுவிடுகிறது.

மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். இரண்டு முறை மறுபடி இறக்கினேன், வேறு லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன். தரம் குறையாத இன்னொரு வகையான ஃப்ளாக்காக மாற்றினாலும் அதே இடம்தான். சரி, கொடுத்தவரையே கேட்போம் என்றால் அவர் பிரதியிலும் இதே கோளாறு. அவருக்கு முந்தைய கையிலேயே கெட்டிருக்க வேண்டும். எம்பி3 வேண்டாம், அதில் ஒலித்தரம் குறையும்; அதைக் கலந்து அடுத்தவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இருப்பது சென்னையில். கேசட் கால வழக்கப்படி காலி பென் டிரைவும் தபால் செலவும் என்னுடையது. எம்டி5 சரியாக வரும் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?