கோப்புகளை இணைத்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

குன்னூரிலிருந்து:

ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சை இலைக் கொள்முதல் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நான் குன்னூர், உடன் எழுதிய தம்பி கோத்தகிரி. ஜூலை மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜை வைத்து இருவரும் ஒரே கோப்பைத் தனித்தனியே திருத்தியிருக்கிறோம். மூன்றாம் நாள் அவர் பென்டிரைவோடு பஸ் ஏறி வந்தார்.

இரண்டு கோப்புகளையும் வின்மெர்ஜ் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் அருகருகே திறந்தேன். ஈர இலைக்கு நூற்றுக்கு 4 கிலோ கழிக்கும் நிரல் வரி என் பக்கம் இருந்தது. அவர் பக்கம் அந்த இடம் வெறுமையாக இருந்தது. விட்டுப்போயிற்று என்று நினைத்து என் வரியை அங்கே தள்ளிவிட்டேன். அவரோ கழிவை எடைபோடும் பகுதிக்கு மாற்றிவிட்டு, இங்கே வேண்டுமென்றே நீக்கியிருந்தார். கழிவு இரண்டு முறை விழுந்தது. 100 கிலோ இலை 96 ஆக வேண்டியது, 92.16 ஆயிற்று. எங்கள் சோதனை எதிலும் இது சிக்கவில்லை. ஒரு சிறு விவசாயிதான் எடைச்சீட்டை மேசைமேல் வைத்துக் கேட்டார்: "கழிவு நாலு கிலோ, சரி. இன்னொரு நாலு கிலோ எங்கே போயிற்று?" அந்த வாரச் சீட்டுகள் அத்தனையையும் திருத்திக் கொடுத்த பிறகே எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டு கோப்புகளை மட்டும் பார்த்தால் நான் சேர்த்தேனா, அவர் நீக்கினாரா என்று எவராலும் சொல்ல முடியாது. இருவரும் தொடங்கிய பழைய கோப்பும் வேண்டும். பழையதில் இருக்கிறது, என்னிடம் மாறவில்லை, அவரிடம் மட்டும் இல்லை என்றால் அது நீக்கம். மூன்று கோப்புகளையும் சேர்த்து ஒப்பிடும் கேடிஃப்3 போன்ற மூவழிக் கருவி இதைத் தானே தீர்த்திருக்கும். இப்போது பழைய பிரதி இல்லாமல் எதையும் இணைப்பதில்லை.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, நிரல் மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறாக மாற்றி முரண் வரும்போது அது வழக்கமாக இரண்டு பக்கங்களை மட்டுமே காட்டும். அமைப்பில் முரண் காட்டும் பாணியை டிஃப்3 என்று மாற்றினால், நடுவில் ஏழு செங்குத்துக் கோடுகளுக்குக் கீழே பழைய வரிகளும் தெரியும். எனக்குப் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது.

உதகையிலிருந்து:

முரணே வராத இணைப்பிலும் நான் ஏமாந்திருக்கிறேன். தோழி ஒரு செயற்கூறின், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதியின், பெயரை மாற்றினார். அதே நாளில் நான் வேறொரு கோப்பில் பழைய பெயரில் அதை அழைத்தேன். கிட் சத்தமில்லாமல் இணைத்துவிட்டது. இயக்கியவுடன் நிரல் நின்றது. கிட் வரிகளை ஒப்பிடுகிறது. பொருள் அதற்குத் தெரியாது.